கூட்டம் சுமுகமாக நடந்தது

துறைமுகத்தில் மறுபடியும் ஒரு வெளிநாட்டுப் போர்க்கப்பல் நிற்கிறது. நட்புக்காக வந்திருக்கிறதாம். தொலைக்காட்சியில் செய்தி வாசித்த பெண் அப்படித்தான் சொன்னாள்: நல்லெண்ண விஜயம், வழமையான பயணம், எரிபொருள் நிரப்பிக்கொண்டு போய்விடும். எங்கே போகும் என்று சொல்லவில்லை. தூரத்துக் கடலொன்றில் சண்டை மூளப்போகிறது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதே பெண்தான். நட்புக் கொண்டாட வருகிறவருக்கு இவ்வளவு நீளப் பீரங்கி எதற்கு என்று லிங்கநகரில் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் கேட்கவில்லை. கடற்கரைக்குப் போய்க் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

எனக்கு மட்டும் அந்த வாக்கியங்களைக் கேட்டவுடன் பழைய தொழில் ஞாபகம் வந்தது. நல்ல வாக்கியங்கள். எந்தப் பக்கத்தால் பிடித்தாலும் கையைக் கிழிக்காதவை. இப்படிப்பட்டவற்றைச் செய்து கொடுத்துத்தான் நானும் சில வருடம் சோறு தின்றேன்.

சமாதான காலம் என்று எங்களுக்கு ஒன்று இருந்தது. சண்டை இல்லாத காலம் என்று வெளியூர் ஆட்கள் அதற்கு அர்த்தம் எடுப்பார்கள். அடுத்த சண்டைக்கு இரண்டு பக்கமும் ஆறுதலாக ஆயத்தம் செய்துகொள்ள விட்ட காலம் அது. ஒரு பக்கம் அரசாங்கத்தின் படை. மறுபக்கம், குடாவுக்கு அக்கரையில் மூதூருக்கு அப்பால் காட்டையும் சில கிராமங்களையும் வைத்திருந்த இயக்கம். இருவருக்கும் நடுவில், இருவரும் சண்டை பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வந்த வெள்ளைக்காரக் கண்காணிப்பாளர்கள். அவர்களுக்கு வெயிலைத் தவிர இந்த ஊரில் எதுவும் விளங்கவில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். அலுவலகமொன்றில் சுற்றறிக்கை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்து அனுப்பினார்கள்.

கூட்டங்கள் நடந்தது இரண்டு காவலரண்களுக்கும் நடுவில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு கூட்டுறவுச் சங்கக்கடைக் கட்டடத்தில். முதல் மூன்று கூட்டமும் கதிரையைப் பற்றியது. ஒரு பக்கத்துக் கதிரைக்குக் கைபிடி இருந்தால் மறுபக்கத்துக்கும் இருக்கவேண்டும். நான்காவது கூட்டம் மின்விசிறி. ஜெனரேட்டரில் ஓடுகிற ஒரேயொரு மேசை விசிறி, அது இரண்டு தரப்பையும் சமமாகப் பார்த்துத் தலையாட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. நடுநிலை என்றால் என்ன என்று அந்தக் கட்டடத்தில் உண்மையில் தெரிந்திருந்தது அந்த விசிறிக்கு மட்டும்தான். தேநீரோடு தின்ன ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் மூன்றும் டவுனிலிருந்து போகும். அவற்றைப் பற்றி ஒரு நாளும் கருத்து வேறுபாடு வந்ததில்லை.

கதிரையும் விசிறியும் தீர்ந்து பேச்சு தொடங்கிய முதல் நாள் நான் நேர்மையாக மொழிபெயர்த்தேன். அதிகாரி சிங்களத்தில் "இவர்கள் பொய்யர்கள்" என்றார். நான் எதிரில் இருந்தவரைப் பார்த்து, "நீங்கள் பொய்யர்கள் என்று சொல்லுறார்" என்றேன். அவர் எழும்பிய வேகத்தில், மூன்று கூட்டம் போட்டுத் தெரிவுசெய்த கதிரை பின்னால் விழுந்தது. கூட்டம் அத்தோடு முடிந்தது. அடுத்த நாள் என் மேலதிகாரி கூப்பிட்டு, "உங்களை மொழிபெயர்க்கத்தானே அனுப்பினது, மூட்டிவிடவே அனுப்பினது?" என்று கேட்டார்.

அதன் பிறகுதான் என்னிடம் ஏற்கெனவே இருந்த ஒரு கைப்பழக்கத்தை வெளியே எடுத்தேன். அது தங்கச்சியின் கலியாணத்தில் பழகியது.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசும்போது இரண்டு வீடும் முதலில் முகத்துக்கு முகம் கதைப்பதில்லை. நடுவில் ஒருவர் போய்வர வேண்டும். தங்கச்சிக்குப் பேசிய தரகர் இரண்டாம் கிழமையே கோபித்துக்கொண்டு போய்விட்டார். அப்பா இல்லாத வீடு என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளை வீடு மூதூர்ப் பக்கம் கிளிவெட்டி, வயல்காரர். மாப்பிள்ளையின் தாய் கேட்டா: "டவுனில வளர்ந்த பிள்ளை வயலுக்குள்ள இறங்குமோ, இல்லாட்டிக் கால் கழுவிக்கொண்டே திரியுமோ?" நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்: "பிள்ளை நல்ல துப்புரவு எண்டு கேள்விப்பட்டிருக்கினமாம்." அம்மா சொன்னா: "ஒரு கக்கூஸ் கூட ஒழுங்கா இல்லாத வீடு, அவைக்கு என்ன எடுப்பு?" நான் கிளிவெட்டிக்குப் போய்ச் சொன்னேன்: "வீட்டைச் சுத்தி நல்ல காத்தோட்டமான இடம் எண்டு அம்மாவுக்குச் சந்தோசம்."

கலியாணம் நடந்தது. அவர்கள் சந்தோஷமாகவும் இருந்தார்கள், அது என் சாமர்த்தியத்தையும் மீறி நடந்த விஷயம். ஒரு வருஷத்துக்குள் இரண்டு வீட்டாரும் கதைத்துப் பார்த்துக் குட்டு வெளிப்பட்டது. தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். மச்சான் போகிற வருகிற எல்லோருக்கும் இந்தக் கதையைச் சொல்லுவார். நான் ஏதாவது சொன்னால், "மச்சான், இது உள்ளபடியோ, இல்லாட்டிக் காத்தோட்டமோ?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

இந்தக் காத்தோட்டத்தைத்தான் நான் சமாதானப் பேச்சுக்குக் கொண்டுபோனேன். பொய் என்று ஒருவர் சொன்னால் அது என் வாயில் "தகவல் இடைவெளி" ஆயிற்று. "அவன்ட கையை முறிப்பன்" என்று வந்தது "தனது கடும் அதிருப்தியைப் பதிவு செய்கிறார்" என்று போயிற்று. இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள், விசிறியும் தலையாட்டியது. வெள்ளைக்காரர் என் முதுகில் தட்டினார். என் மேலதிகாரி என்னை ராஜதந்திரி என்று கூப்பிடத் தொடங்கினார். ஒவ்வொரு கூட்டக் குறிப்பின் முடிவிலும் நான் ஒரே வரியை எழுதினேன்: "கூட்டம் சுமுகமாக நடந்தது." ஒருவரின் மெய்க்காவலர் மற்றவரின் மெய்க்காவலருடைய காலை மிதித்து, துவக்குகள் தோளிலிருந்து இறங்கிய கூட்டத்துக்கும் அதையேதான் எழுதினேன்.

ஒருநாள் பஸ் நிலையத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனபோது, கூடையிலிருந்த குறிப்பின் முதல் பக்கத்தை ஒரு மான் இழுத்துத் தின்றுவிட்டது. எங்கள் டவுனில் மான்கள் மாடு மாதிரித் தெருவில் திரியும்; கடதாசி அவற்றுக்குப் பழக்கம். பிரதி இருந்ததால் சமாதானத்துக்குப் பாதிப்பில்லை. மானுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் சத்தும் இல்லை, விஷமும் இல்லை என்று அப்போது வேடிக்கையாகச் சொன்னேன்.

பிறகு தடைமரப் பிரச்சினை வந்தது. கிளிவெட்டிப் பக்கம் போகிற ஒரு பாதையில் ஒரு தரப்பு தடைமரம் போட்டது. கூப்பிடு தூரத்தில் மறுதரப்பும் ஒன்று போட்டது. நீ முதலில் திற, நீ முதலில் திற என்று ஒரு மாதம். வெள்ளைக்காரர் ஒரே நேரத்தில் திறக்கலாமே என்றார். எல்லோருக்கும் சம்மதம். "காலை ஒன்பது மணி" என்று எழுதினேன். யாருடைய ஒன்பது மணி என்று கேட்டார்கள். அரசாங்கம் மணிக்கூட்டை மாற்றியபோது அக்கரைக்காரர் மாற்றவில்லை; இரண்டு பக்கத்துக்கும் அரை மணித்தியாலம் வித்தியாசம். ஒன்பது மணி எது என்பதற்கு இரண்டு கூட்டம் போயிற்று. தடைமரம் அப்படியே இருந்தது.

அந்த நாட்களில் மச்சான் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். அறுவடைக்கு இன்னும் சில கிழமைதான் இருந்தது. கிளிவெட்டியில் நெல்லுக்குச் சாக்கு இல்லை, மூதூரிலும் இல்லை, டவுனில் வாங்கி அனுப்பேலுமோ என்று கேட்டார். நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு வெறுஞ்சாக்கு கிடைக்கவில்லை, உரப்பைகூட இல்லை. "இந்தமுறை எல்லா இடமும் நல்ல விளைச்சல் போல" என்று மச்சானுக்குச் சொன்னேன். இரண்டு தரப்பும் மண் நிரப்பிக் காவலரண் கட்டுவதற்கு மாவட்டத்திலிருந்த சாக்கு முழுவதையும் வாங்கி முடித்துவிட்டார்கள் என்பது, இருவரோடும் கிழமைக்கு ஒருமுறை கட்லட் சாப்பிட்ட எனக்கு மட்டும் மூளையில் ஓடவில்லை.

மற்றவர்களுக்கு ஓடியது. என்னைக் கூட்டங்களுக்கு ஏற்றிக்கொண்டு போன டிரைவர் கிண்ணியாக்காரர், நான் 'நானா' என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன். படிப்பு குறைவு, கண் கூர்மை. கந்தளாய் ரோட்டில் தார்ப்பாய் மூடிய லொறிகள் எத்தனை போகின்றன, எந்தப் பேக்கரிக்கு முகாமிலிருந்து பாண் ஓடர் கூடியிருக்கிறது, எந்த அதிகாரியின் மனைவி பிள்ளைகளோடு கொழும்புக்குப் போயிட்டா, எல்லாம் அவருக்குத் தெரியும். ஒருநாள் வாகனத்தை ஓட்டிக்கொண்டே கேட்டார்:

"சேர், சாக்கு முடிஞ்சா அறுவடை எண்டு வைப்பம். ஆஸ்பத்திரியில வாட்டு ரெண்டக் காலியாக்கிக் கட்டில் அடுக்கி வெச்சிரிக்காங்க. அது என்ன அறுவடைக்கு?"

"நானா, ஊர்க்கதையை நம்பாதீங்கோ. நான் உள்ளுக்கு இருந்து கேக்கிறனான்" என்றேன்.

அவர் அந்தக் கிழமையே தன் மனைவி மக்களை, சண்டை வந்தாலும் எட்டாத கந்தளாயில் மச்சினன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

கடைசிக் கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை. அதிகாரி புதியவர். நெடுவல் ஆள், மரியாதையானவர். இரண்டு கட்லட் சாப்பிட்டார், கையைக் கடதாசியில் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிங்களத்தில் மூன்று சிறிய வாக்கியம் சொன்னார். குரல் உயரவில்லை. மூன்று வருஷமாக இந்த மேசையில் மிரட்டல்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு அவை வணக்கம் சொல்வதைப் போலாகிவிட்டிருந்தன. என் கைப்பழக்கம் தானாகவே வேலை செய்தது. மூன்று வாக்கியமும் என் வாயிலிருந்து ஒரே நீளமான, அழகான வாக்கியமாக வந்தது: "வெள்ளிக்கிழமைக்கு முன்னர் பாதை திறக்கப்படும் எனத் தாம் எதிர்பார்ப்பதாகவும், தேவைப்படின் தாமே நேரில் வந்து அதற்கு ஆவன செய்யத் தயார் எனவும் தெரிவிக்கிறார்."

மறுதரப்புக்காரர் சிரித்தார். "வரச் சொல்லுங்கோ. எங்கட பக்கம் எல்லாம் ஆயத்தம்" என்றார். இதற்கு மெருகு தேவைப்படவே இல்லை. வெள்ளைக்காரர் பூரித்துப்போனார். அதிகாரி நேரில் விஜயம் செய்வதும், அதற்கு வரவேற்பு ஆயத்தமாக இருப்பதும் முன்னேற்றத்தின் அறிகுறி என்று எழுதிக்கொண்டார். கூட்டம் சுமுகமாக நடந்தது.

புதன்கிழமை காலை அலுவலகத்துக்குத் தங்கச்சி தொலைபேசியில் கூப்பிட்டாள். கிளிவெட்டியில் ஒரு கடையிலிருந்து கதைத்தாள், பின்னால் ஆட்களின் சத்தம் கேட்டது.

"அண்ணா, இவர் காலமையே ட்ரக்டர் பெட்டியில சாமான் எல்லாம் ஏத்திப்போட்டார். கந்தளாய்க்குப் போவம் எண்டு ஒரே பிடி. நெல்லு வெட்டப் பத்து நாள்தான் கிடக்கு. விட்டிட்டுப் போனா மாடும் பண்டியும்தான் தின்னும். நீங்கள் நேத்துக் கூட்டத்துக்குப் போனனீங்கள்தானே. என்ன கதைச்சவை?"

என் மேசையில் புதிதாகத் தட்டச்சடித்த குறிப்பு இருந்தது. அதை எடுத்து வாசித்தேன். வானொலிச் செய்தியைப் போல நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். எதிர்பார்ப்பு, ஆவன செய்தல், நேரில் விஜயம், எல்லாவற்றையும். வாசிக்கிறபோது என் காதுக்கே அது நிம்மதியாக இருந்தது. நானே பூசிய மெருகு என்பது மறந்துபோய், யாரோ பெரிய இடத்தில் எழுதியதைப் போல அதை நம்பினேன். உலகத்தில் பொய்யைச் சொல்லி மற்றவனை ஏமாற்றுகிறவன் கெட்டிக்காரன். சொன்ன பொய்யைத் தட்டச்சடித்து, வாசித்து, தானே ஏமாறுகிறவன் அலுவலகக்காரன்.

மச்சான் தொலைபேசியை வாங்கினார்.

"மச்சான், உள்ளபடியோ?"

அன்று அவர் குரலில் பகிடி இல்லை. அது எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் கோபம் வந்தது.

"நான் முன்னால இருந்து என்ர காதால கேட்டனான். சந்தியில நிண்டு கதைக்கிறவையை நம்புவீங்கள், என்னை நம்பேலாதோ? சாமானை இறக்கிப்போட்டு வயலைப் பாருங்கோ."

"சரி, இறக்கிறன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. குடாவைத் தாண்டிப் போகிற வெடிச் சத்தம். முதல் சத்தத்துக்கு, கடற்படைப் பயிற்சி என்றேன். இரண்டாவதுக்கும் அதையே சொன்னேன். எத்தனையாவதில் வாயை மூடினேன் என்று நினைவில்லை. அதிகாரி சொன்னபடி நேரில் வந்துவிட்டார். மறுதரப்பும் சொன்னபடி ஆயத்தமாகத்தான் இருந்தது. என் குறிப்பில் எழுத்துப் பிழை தேடினாலும் கிடைக்காது.

தங்கச்சியின் வீட்டுக் குசினிப் பக்கம் ஒரு ஷெல் விழுந்தது. அவள் அடுப்படியில் நின்றாள். அவளை வயல் வரம்போரம் அவசரமாகப் புதைத்துவிட்டு, ட்ரக்டருக்குப் பாதை இல்லாததால், தன் தாயைக் கையில் பிடித்துக்கொண்டு மச்சான் காட்டு வழியே நடந்தார். எந்தத் தரப்பின் ஷெல் என்று வெள்ளைக்காரர் எழுத்தில் விசாரித்தார். இரு தரப்பும் எழுத்தில் மறுத்தன. மறுப்புகள் மொழிபெயர்ப்புக்கு என் மேசைக்குத்தான் வந்தன. அவற்றை மேசையில் அப்படியே விட்டுவிட்டு எழும்பினேன்.

பாதை திறந்த பிறகு கிண்ணியா டிரைவர்தான் என்னைக் கந்தளாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார். நான்தான் சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இடம்பெயர்ந்த சனம் ஒரு பள்ளிக்கூடத்தில் நிறைந்திருந்தது. வகுப்பறை வாசலில், யாரோ தந்த ஒரு வெறுஞ்சாக்கை விரித்து அதன்மேல் மச்சான் இருந்தார். வரும்போது வழி முழுவதும் நான் வாக்கியங்கள் தயாரித்துக்கொண்டு வந்தேன். அவரைக் கண்டதும் ஒன்றும் வாயில் வரவில்லை. என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது. பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

அவர்தான் முதலில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"மச்சான், அண்டைக்கு அந்த அதிகாரி என்ன சொன்னவன்? காத்தோட்டம் வேண்டாம். அவன் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ."

நான் அந்த மூன்று வாக்கியத்தையும் சிங்களத்தில் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் மறந்திருக்கவில்லை. அந்தக் கதிரை விழுந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக, கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

"'வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். பிறகு அடிப்பன். ஊர்ச்சனத்தை இப்பவே போகச் சொல்லு.'"

மச்சான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனத்தைப் போகச் சொன்னவனோ?"

"ஓம்."

அவர் மெல்லத் தலையாட்டினார்.

"நாங்கள் புதன்கிழமையே ஏத்தினனாங்கள், மச்சான்" என்றார்.